மஞ்சள் ஒயரின் நுனி

டக் என்று சத்தம் கேட்டது. தேசம்மாளுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஒயரை மாட்டும்போது டக் என்று கேட்டது, கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம், வீட்டில் சிலிண்டர் மேல் ரெகுலேட்டரை வைத்து அழுத்தும்போதும் அந்தச் சத்தம் வந்த பிறகுதான் கையை எடுப்பாள், ஆகவே இது அதனால் இருக்க முடியாது, வேறு ஏதோ. மாப்பை முன்னால் தள்ளினாள். ஈரம் இல்லாத மாப். இந்த ஹாலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரக் கூடாது, நாலு வருஷமாகத் தரையைத் துடைக்கிறாளே தவிர ஒரு நாளும் கழுவியதில்லை. இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் கறுப்பு அலமாரிகள், அலமாரிக்குள் தட்டுத் தட்டாகக் கம்ப்யூட்டர்கள், தரையில் ஓட்டை போட்ட பலகைகள் வழியாகக் கீழிருந்து ஏசிக் காற்று, அது புடவைக்குள் புகுந்து முழங்கால் வரை ஏறும். புடவைக்கு மேல் காண்டிராக்ட்காரர் கொடுத்த நீலக் கோட்டு, காலுக்குத் துணிப்பை மாதிரி ஓர் உறை. பத்தேகால் மணி, வெளியே சிறுசேரி ரோட்டில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், இங்கே விரல் மரத்துப்போகிறது. முதலில் நுனி, பிறகு நகத்தின் கீழ், பிறகு மாப்புக் கம்பைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது பயமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. பதினோரு நாளாக விரல் மட்டும் இல்லை, உள்ளேயும் அப்படித்தான் இருந்தது, சாப்பிட்டாள், தூங்கினாள், யாரோ சாப்பிட்ட மாதிரி, யாரோ தூங்கின மாதிரி. பயம் என்று சொல்ல முடியாது. பயம் என்றால் அவளுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. டக் என்று கேட்டது.

அலமாரிகளின் முன்பக்கம் குளிர் என்றால் பின்பக்கம் சூடு, பஸ் எஞ்சினுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த மாதிரி முகத்தில் அடிக்கும். மூன்றாவது வரிசையின் பின்பக்கத்தில் ரெஜினா தள்ளுவண்டி மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிப் பெண், முப்பது வயது இருக்கும், நெட்வொர்க் இன்ஜினியர், நேற்றுப் போட்டிருந்த அதே சுடிதார். அவளுக்கு எதிரே இருந்த பெட்டிக்குள் பதினாறு கம்ப்யூட்டர்கள், பரீட்சை அட்டையை வரிசையாகச் செருகி வைத்த மாதிரி மெல்லிசாக நிற்கும், அவற்றுக்கு பிளேடு என்று பெயர், ஏன் அப்படி என்று தேசம்மாள் கேட்டதில்லை. அதே மாதிரிப் பெட்டி ஐந்தாவது வரிசையில் இன்னொன்று. இரண்டும் ஒரே ஆஸ்பத்திரிக் கம்பெனிக்குச் சொந்தம், இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும், தரைக்கு அடியில் மஞ்சள் ஒயர்கள் இரண்டு அதற்காகப் போகின்றன. பதினோரு நாளாக அந்தப் பேச்சு அறுந்து அறுந்து போகிறது. லேப்டாப்பில் வெள்ளை வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று இரண்டு மூன்று வரி வராது, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். "ஒரேயடியா போனா கண்டுபிடிச்சிரலாம்க்கா," என்று ரெஜினா மூன்றாம் நாள் கேன்டீனில் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னாள், "போய்ப் போய் வருதே, அதுதான் உயிரை எடுக்குது. நான் பாக்கும்போது நல்ல பிள்ளையா இருக்கும், பாத்ரூம் போயிட்டு வந்தா அறுந்திருக்கும். திருவேங்கடம் சார் பூஜை போட்டும் சரியாகல, எங்க அம்மா ஊர்ல இருந்து ஜெபம் பண்ணியும் சரியாகல." தேசம்மாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, எப்பவிலிருந்து மேடம் இப்படி, என்று கேட்டாள், கேட்காமல் இருந்திருக்கலாம். "ஆயுத பூஜைக்கு மறுநாள். காலைல பத்து இருபதுக்கு முதல் தடவை."

பத்து இருபது. அந்த மறுநாள் காலை ஒன்பதரைக்குத் துடைக்கத் தொடங்கினாள், முன்பக்கம் எல்லாம் முடித்துவிட்டுப் பின்பக்கம் வந்தபோது என்ன இருக்கும், பத்து இருக்கும், பத்தேகால் இருக்கும், கடிகாரம் பார்க்கவில்லை, பார்க்காததை எப்படிச் சொல்வது. ஆயுத பூஜையன்று திருவேங்கடம் சார் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார், மேனேஜராக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு நாள் அவர் கையால்தான் எல்லா மெஷினுக்கும் பொட்டு. கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று, அதன் மேல் குங்குமம், "பின்னாடி எதுக்கு சார்?" என்று யாரோ கேட்டதற்கு, "வேலை நடக்கிறதே பின்னாடிதான்யா," என்று சிரித்தார். மறுநாள் சூசைராஜ், அவள் சூப்பர்வைசர், ஓடி வந்தான். நாளைக்கு வெளிநாட்டு ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், ஒரு பொட்டு இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள் என்றான். தரை உங்களுது மெஷின் அவங்களுது என்று நாலு வருஷமாகச் சொன்ன அதே சூசைராஜ். அவளும் துடைத்தாள். மூன்றாவது வரிசையில் பின்பக்கம் சந்தனம் தண்ணீராகக் குழைந்திருந்ததால் கோடு கோடாக வழிந்து காய்ந்திருந்தது, ஒரு கோடு மஞ்சள் ஒயர் செருகியிருக்கும் இடத்துக்குள்ளேயே போயிருந்தது. துணி உள்ளே போகவில்லை. விரலை விட்டுப் பார்த்தாள், ஒயரின் கழுத்தில் ஒரு சின்ன நாக்கு, அழுத்தியதும் கையோடு வந்துவிட்டது. வந்துவிட்டது, அவள் இழுக்கவில்லை. அழுத்தினாள், வந்துவிட்டது. நுனியில் வெள்ளையாக ஈர்க்குச்சி மாதிரி இரண்டு முனை, அதன் மேலும் லேசாகச் சந்தனம். வீட்டில் டிவி படம் வரவில்லை என்றால் என்ன செய்வாள், பெட்டிக்குப் பின்னால் ஒயரைக் கழட்டுவாள், ஊதுவாள், முந்தானையில் ஒரு துடை, மாட்டுவாள், படம் வரும். ஊரில் எல்லாரும் அப்படித்தான். ஊதினாள். கோட்டுக்குள்ளிருந்து முந்தானையை இழுத்துத் துடைத்தாள். மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. டக் என்று கேட்டது. இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்.

பச்சை விளக்கு இப்போதும் எரிகிறது, பதினோரு நாளும் எரிந்தது, தினமும் மாப்பைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போது ஓரக்கண்ணால் பார்க்கிறாள், அது சிமிட்டாமல் எரிகிறது, கெட்டுப்போன ஒயருக்கு எரியுமா. ரெஜினா அந்தப் பெட்டியில் என்னென்னவோ மாற்றிவிட்டாள். ஒரு பிளேடை உருவி வேறு வைத்தாள். ஒயர் செருகும் வாயையே புதிதாக வாங்கி மாற்றினாள், அன்றைக்கு அரை நாள் நன்றாக இருந்தது, தேசம்மாள் அன்று ராத்திரி இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டாள், மறுநாள் வந்தால் மறுபடி. ஒயரை மட்டும் மாற்றவில்லை. அதற்குத் தரையைத் திறக்க வேண்டுமாம், ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுத்தில் அனுமதி தர வேண்டுமாம். அனுமதி வரட்டும், வந்தால் புது ஒயர் போட்டுவிடுவார்கள், பழையது குப்பைக்குப் போகும், அவள்தான் குப்பையை எடுத்துப்போவாள், யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை. ஆனால் இன்று வரவில்லை, நேற்றும் வரவில்லை. சந்தேகம் என்பது அவளுக்குப் புதிதல்ல. பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டு அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் போவாள், வாரத்தில் மூன்று நாள். புருஷன் ஏகாம்பரம் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வாசலில் பல் குத்திக்கொண்டிருப்பான், "வா வா, அடுப்பு அழுதுச்சு, உன்னைக் காணோம்னு," என்பான். ஒரு தடவைகூட எரிந்துகொண்டிருந்ததில்லை. அதுதான் அவளுக்குத் தைரியம். இத்தனை தடவை பயந்ததில் ஒன்றுகூட நிஜமானதில்லை, இது மட்டும் ஏன் நிஜமாக வேண்டும். ஆனால் அந்த ஏகாம்பரத்துக்கு வயிற்றில் குடலிறக்கம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, கையில் டோக்கனை வைத்துக்கொண்டு காலை எட்டிலிருந்து மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தார்கள், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் "சிஸ்டம் வேலை செய்யல, உக்காருங்க" என்று சொன்னாள், இவர்களும் உட்கார்ந்தார்கள். மழை வருகிறது என்றால் ஒதுங்கி நிற்கிற மாதிரி. அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பான், ஓர் இடம் இருக்கும், ஓர் ஒயர் இருக்கும் என்று தோன்றவே இல்லை. இப்போது எங்கேயோ ஒருத்தி டோக்கனோடு உட்கார்ந்திருப்பாள். ஸ்கேன் படம் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகும் வழியில் அறுந்துபோகிறது என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள். அந்த ஒருத்தியை நினைத்தால் ஏதாவது தோன்ற வேண்டும். நினைத்துப் பார்த்தாள். பச்சைப் பெயின்ட் அடித்த சுவர் வந்தது, பெஞ்சு வந்தது, அவ்வளவுதான், அந்தப் பெஞ்சும் இவள் உட்கார்ந்த பெஞ்சுதான்.

கதவு திறந்து திருவேங்கடம் சார் வந்தார். இந்த ஹாலில் யாரும் மெதுவாகப் பேச முடியாது, ஆயிரம் விசிறிகள் ஒரே சமயத்தில் சுற்றும் இரைச்சல், ரைஸ் மில்லுக்குள் நிற்கிற மாதிரி, காதுக்குப் பக்கத்தில் வந்து கத்த வேண்டும், அதனால் ரகசியம் பேசுகிறவர்கள்கூடக் கத்தித்தான் பேசுவார்கள், அலமாரிக்கு மறுபக்கம் மாப்போடு நிற்கிறவளுக்கு எல்லாம் கேட்கும். "என்ன ரெஜினா, ஏதாவது தெரிஞ்சுதா?" "இல்ல சார். எரர் ஏறிட்டே இருக்கு. ஆயுத பூஜை அன்னைக்கு நான் மாத்தின செட்டிங் எல்லாத்தையும் பழையபடி வெச்சுட்டேன். அப்பவும் வருது." "பன்னெண்டு மணிக்கு வீடியோ கால். ஆஸ்பத்திரி ஆளுங்க எல்லாரும் இருப்பாங்க. என்னன்னு சொல்ல நான்?" அவர் குரல் இன்னும் உயர்ந்தது. "ஒளிச்சுப் பிரயோஜனம் இல்ல. அவங்க உங்களை மாத்தச் சொல்றாங்க. லீவு நாள்ல செட்டிங்கைத் தொட்டது நீங்க, மறுநாள்ல இருந்து பிரச்சனை. நான் எவ்வளவு தூரம் தடுக்க முடியும்? இன்னைக்குக் காரணம் கிடைச்சா கிடைச்சுது. இல்லன்னா சாயங்காலத்தோட நீங்க சைட்டை விட்டுக் கிளம்பணும்." "சார், அந்த செட்டிங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." "அதை நிரூபிக்கணும்ல, ராசாத்தி." கடைசி வார்த்தையை அவர் பிரியமாகத்தான் சொன்னார். கதவு மூடிக்கொண்டது. தேசம்மாள் மாப்பைத் தள்ளினாள், துடைத்த இடத்தையே துடைத்தாள். போகட்டும், படித்த பெண், இங்கே இல்லை என்றால் பெங்களூர். அவளுக்கு நாளைக்கே வேலை கிடைக்கும். எனக்கு? ஐம்பத்தொரு வயதில் யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஒயரைத் தொட்டவளைக் காண்டிராக்ட்காரன் ஒரு மணி நேரம் வைத்திருக்க மாட்டான். அதுகூடப் பரவாயில்லை. ஏன் தொட்டே என்று கேட்பார்கள், எல்லாரும் நிற்பார்கள், அவள் நடுவில் நிற்க வேண்டும். ஆறாம் வகுப்பில் தம்பி பிறந்ததால் நின்றுபோன பள்ளிக்கூடம், அதில் வேறெதுவும் நினைவில்லை, கேள்வி கேட்டதும் எழுந்து நிற்பது மட்டும் நினைவிருக்கிறது, முழங்காலுக்குப் பின்னால் பெஞ்சின் விளிம்பு, பதில் வராமல் நின்ற அந்த நேரம். அதுவும் டக் என்று கேட்டதே, சரியாக மாட்டியிருக்கும்போது நான் ஏன்.

மாப்புக் கம்பு கையிலிருந்து நழுவி விழுந்தது. இரும்புக் கம்பு, பலகைத் தரையில் அப்படியே நீட்டாக விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விழுந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. குனிந்து எடுத்து, வேண்டுமென்றே இன்னொரு தடவை போட்டாள். கேட்கவில்லை. இவ்வளவு பெரிய கம்பு விழுந்தே கேட்காத இடத்தில், அரிசி அளவு பிளாஸ்டிக் நாக்கு உட்காரும் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்? கேட்கவில்லை. விரலில் தட்டுப்பட்டதோ என்றால், ஒரு மணி நேரம் முன்பக்கக் குளிரில் துடைத்துவிட்டு வந்த விரல், அதில் என்ன தட்டுப்படும். அந்த டக் எங்கிருந்து வந்தது? வீட்டு அடுக்களையிலிருந்து வந்திருக்கிறது. சிலிண்டரிலிருந்து எடுத்து இங்கே வைத்துக்கொண்டிருக்கிறாள், பதினோரு நாளாக அதையே பிடித்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள். ஒருவேளை மூச்சு முட்டும் என்று நினைத்தாள். முட்டவில்லை. கண்ணீராவது வரும் என்று காத்திருந்தாள், அதுவும் வரவில்லை. கம்பை எடுத்து அலமாரி ஓரத்தில் சாய்த்து, அது சரியாமல் நிற்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, வரிசையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். சூடான காற்று முகத்தில் அடித்தது. ரெஜினா தலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், லேப்டாப்பில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. தேசம்மாள் அவள் காதருகே குனிந்தாள். "மேடம். அந்த மஞ்ச ஒயரு. அன்னைக்கு நான் கழட்டி மாட்டினேன்." சொல்வது இவ்வளவுதானா என்று இருந்தது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது நாலே வார்த்தையாகத்தான் வெளியே வந்தது.

ரெஜினா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், கோபமாக இல்லை, தூக்கத்திலிருந்து எழுப்பிய மாதிரி. "எந்த ஒயருக்கா?" தேசம்மாள் காட்டினாள். "எதுக்கு?" "சந்தனம் வழிஞ்சிருந்துச்சு. ஊதிட்டு முந்தானையால தொடச்சு மாட்டினேன். வீட்ல டிவிக்கு அப்படித்தான்." ரெஜினா தள்ளுவண்டியின் கீழ்த் தட்டிலிருந்து டார்ச் லைட் மாதிரி ஒன்றை எடுத்தாள், அதன் தலையில் சின்னத் திரை. இரண்டு ஒயரில் ஒன்றை எடுத்தால் இன்னொன்று தாங்கும் என்று தனக்குத்தானே கத்திச் சொல்லிக்கொண்டு அந்த நாக்கை அழுத்தினாள், ஒயர் வந்தது, நுனியை டார்ச்சின் வாயில் வைத்தாள். திரையில் ஒரு வட்டம் தெரிந்தது. கஞ்சி வடித்த தட்டைக் கழுவாமல் காயவைத்த மாதிரி அதன் மேல் முழுக்க ஏடு, நடுவில் ஒரு நூல், கூடவே செம்மண் நிறத்தில் இரண்டு மூன்று பொடி. முந்தானை நூல், திருவேங்கடம் சாரின் குங்குமம். "இது வழியா வெளிச்சம் போகணும்க்கா," என்றாள் ரெஜினா, "முடியைவிட மெல்லிசு இந்த ஓட்டை. நான் பாரு, வாயை மாத்தினேன், இந்த அழுக்கையே கொண்டுபோய்ப் புது வாயிலயும் அப்பியிருக்கேன். முதல் நாளே இதை எடுத்துப் பாத்திருக்கணும். விளக்கு எரியுதேன்னு விட்டேன்." அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது. பேனா மாதிரி ஒன்றால் நுனியை அழுத்தித் துடைத்தாள், வாயைத் துடைத்தாள், திரையில் வட்டம் வெறும் வட்டமாக வந்தது, மாட்டினாள். வரிகள் ஓடின. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், ஒரு வரி விடாமல் ஓடிற்று. தேசம்மாளுக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். கால் வலித்தது.

பதினொன்றே முக்காலுக்குத் திருவேங்கடம் சார் திரும்பி வந்தார், ஒரு கையில் செல்போன். லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார், அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வருவதை தேசம்மாள் பார்த்தாள். "நின்னுடுச்சா? என்ன பண்ணீங்க?" "ஒயர் நுனில தூசி சார். க்ளீன் பண்ணிட்டேன்." "தூசியா?" "ஆமா சார்." ரெஜினா தேசம்மாள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருப்பதற்குக் கழுத்தை எவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறாள் என்பது பின்னாலிருந்து பார்த்தவளுக்குத் தெரிந்தது. அப்படியானால் விட்டுவிட்டாள். தூசி என்று சொல்லிவிட்டாள். தூசிக்கு ஆள் கிடையாது, தூசி தானாக வரும், மாப்பை எடுத்துக்கொண்டு நாலாவது வரிசைக்குப் போய்விடலாம், மத்தியானம் டப்பாவைத் திறந்தால் எலுமிச்சைச் சாதம். "மாட்டியிருக்கிற ஒயருக்குள்ள தூசி எப்படிப் போகும், ரெஜினா? கழட்டினாத்தான் போகும். அன்னைக்குப் பின்னாடி வேலை பாத்தது நீங்க ஒருத்தர்தான். அவங்க இதைத்தான் கேப்பாங்க. நான் என்ன சொல்றது, எங்க இன்ஜினியரே கழட்டிப் போட்டு அழுக்காக்கி, பதினோரு நாள் தேடினாங்கன்னா?" ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். "அப்படியே சொல்லுங்க சார்," என்றாள். திருவேங்கடம் சார் பெருமூச்சு விட்டு செல்போனில் எதையோ தட்டத் தொடங்கினார், பெயரைத்தான் தட்டுகிறார், வேறு என்ன. ஒரு தடவை சொன்னால் போதும் என்று தேசம்மாள் நினைத்திருந்தாள். காதோடு சொன்னது கணக்கில் வராது போலிருக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் ஏதோ விளிம்பு இடித்தது, அங்கே ஒன்றும் இல்லை, கையை விட்டுத் தடவிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. "நான்தான் சார்," என்றாள். அவர் நிமிர்ந்தார். ரெஜினாவைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார், குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர் மாதிரி. நாலு வருஷமாக அவர் நடக்கும் தரையைத் துடைக்கிறவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள், விசிறிகளின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி, தன் பெயரையும் சேர்த்து.